இரண்டாவது வரி

ஜூலை 8, திங்கள்

சின்னவருக்கு இன்று காலையில் ஒரு யோசனை வந்துவிட்டது. அவருக்கு யோசனை வரும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை என்றதும் மையும் காகிதமும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். என் வேலையில் இரண்டும் கிடையாது. பிளேட் அறைக்குப் பின்னால் ஏசி போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு சர்வர். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அதன் நெற்றியில் காய்ந்து கிடக்கிறது. சாத்தூர், கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கத்து ஓவியர்கள் வீட்டில் இருந்தபடியே காலண்டர் படங்களை இதற்கு அனுப்புவார்கள். வாங்கி வைப்பதற்கென்றே ஒரு புரோகிராம் அதற்குள் எந்நேரமும் விழித்திருக்கும். எங்கள் தொழிலில் அதை டீமன் என்போம். ஒரு படம் முழுதாக வந்து சேர்ந்ததும் அது வெளியே இருக்கும் ஒரு கட்டளையைக் கூப்பிட்டு ஓட்டும். அந்தக் கட்டளை படத்தைச் சின்னதாக்கி, தேர்வு செய்கிறவர்கள் பார்க்கும் திரைக்கு அனுப்பும். அதை எழுதியது நான்.

சின்னவர் என்பது தினகர், பெரிய முதலாளியின் மகன். கையில் காபி டம்ளரோடு அறைக்குள் வந்தார். சர்வர் அறைக்குள் காபி கூடாது என்று கதவில் நான் ஒட்டியிருப்பது அவருக்கு இல்லை போலும்.

"பாக்கியம், ஃபைல் வந்ததும் ஒரு கமாண்ட் ஓடுதுல்ல? அதுல இன்னொண்ணையும் சேர்த்துரு. வர்ற படம் எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து என் ஃபோல்டர்ல போடணும். ஒண்ணு விடாம. அனுப்புறவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"எதுக்கு சார்?"

"ஆல்பத்துக்கு."

ஆல்பம் என்பது வருகிற வருடத்துக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் சேர்த்துக் கட்டிய புத்தகம். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டுத் திறப்போம். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் ஆர்டர் தருவார்கள். ஓவியர்கள் அனுப்பியதில் பிடித்ததை மட்டும் விலை பேசி வாங்குவோம். பிடிக்காததை சர்வரிலிருந்து அழித்துவிடுவோம்; அவர்கள் அதை வேறு அச்சகத்துக்குக் கொண்டுபோவார்கள். சின்னவர் கேட்பது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தையும் நம் ஆல்பத்தில் போட்டுக்கொள்வது. எங்கள் ஆல்பத்தில் வந்த படத்தை இந்த ஊரில் வேறு யாரும் தொட மாட்டார்கள்.

அது திருட்டு என்றேன். அவர் சிரித்தார்.

"முடியாதுங்கறியா, மாட்டேங்கறியா?"

"முடியும் சார். மாட்டேன்."

டம்ளரை சர்வர் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 9, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. அண்டா, குடம், வாளி, குக்கர் எல்லாம் நிரப்பினேன். சின்னவர் பேசவில்லை. நல்லது.

ஜூலை 11, வியாழன்

சாத்தூரிலிருந்து சங்கரேஸ்வரி போன் செய்தாள். போன வருடம் சேர்ந்த ஓவியர். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வரைகிறவள்.

"பாக்கியக்கா, என் பிள்ளையார் இன்னும் முடியலக்கா. குடை பிடிச்சிருக்காரு. தனக்கில்ல, எலிக்கு. எலி நனையக்கூடாதாம். அந்தக் கைதான் சரியா வர மாட்டேங்குது."

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்பத்துக்குப் படம் அனுப்பத் தொடங்கும்போது ஒவ்வொரு ஓவியரும் முதலில் ஒரு சாமி படம் அனுப்புவார்கள். அதற்கு விலை கிடையாது. தேர்வுக்கும் போகாது. பூஜையன்று ஒரே ஒரு பிரதி அச்சடித்து சாமி முன்னால் வைத்து, பிறகு வரைந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். பெரியவர் தொடங்கிவைத்தது. அவர் எத்தனையோ விஷயத்தில் கறார் பேர்வழி, இதில் மட்டும் குழந்தை.

"படம் அனுப்ப ஜூலை பதினெட்டுதான் கடைசித் தேதி, ஞாபகம் இருக்கட்டும்" என்றேன்.

"நீங்க வேற. கடைசித் தேதிக்கு முன்னாடி யாராவது அனுப்பியிருக்காங்களா?"

அதுவும் சரிதான். போன வருடம் வேண்டாம் என்று திருப்பிய அவளது மயில் படத்தை இன்னொரு அச்சகம் வாங்கிக்கொண்டதாம். அந்தப் பணத்தில்தான் வரைகிற பலகை வாங்கினாளாம். இதைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததும், ஏன் என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

சின்னவர் இன்றைக்கு அடுத்த ஆட்டம் ஆடினார். கமாண்டை முழு அதிகாரத்தோடு ஓடவிடு, பெர்மிஷன் தொல்லை இல்லாமல் எல்லா ஃபோல்டரிலும் கைவைக்கட்டும் என்றார். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. வெளியாட்கள் ஃபைல் போடுகிற இடத்தில் முழு அதிகாரத்தோடு ஒரு கட்டளை ஓடினால், எவனாவது ஒருவன் ஃபைல் பெயருக்குள்ளேயே வேறொரு கட்டளையை ஒளித்து அனுப்புவான். அதையும் இது பயபக்தியோடு ஓட்டும். சர்வரே அவன் கைக்குப் போய்விடும். அதனால்தான் என் கட்டளை ஒன்றுக்கும் உதவாத ஒரு கணக்கின் பெயரில் ஓடுகிறது. அந்தக் கணக்குக்கு அந்த ஃபோல்டரைத் தவிர வேறெங்கும் கதவு திறக்காது.

இதைப் பொறுமையாகத்தான் விளக்கினேன். அவர் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அதிகாரத்தை விடு. காப்பி மட்டும் போதும். தவசி கட்டிங் மெசின்லதான இருக்கான்? நல்ல வேலைக்காரன். ஆனா பாரு, அந்த மெசினுக்கு ஆள் ஈசியா கிடைக்கும்."

தவசி என் வீட்டுக்காரர். இதே அச்சகத்தில் கட்டிங் பிரிவு. அவரை இழுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுத வந்தேன். எதிர்பார்த்தேன். எனக்குப் பயமில்லை. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன், அவ்வளவுதான். பாத்திரம் கருகிவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "அவரு கேட்டதைப் போட்டுக் குடுத்துரு" என்றார்.

"அது திருட்டுங்க."

"ஊர்ல யாரு திருடல? நீ என்ன போலீசா?"

அதற்குமேல் நான் பேசியதை எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள் என்பது மட்டும் போதும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் என் ராசிக்கு இன்று 'பணிவு' என்று போட்டிருந்தது. நாங்களே அச்சடித்தது. கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அவர் டிபன் கேரியரை எடுக்காமல் வேலைக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட்டாரா தெரியவில்லை. எனக்கென்ன.

ஜூலை 17, புதன். ஆடி 1

சின்னவர் அறைக்குப் போய், "சேர்த்துடறேன் சார்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இதுக்குப் போய் இவ்வளவு பிகு பண்ணிக்கிட்டியே" என்றார்.

கட்டளையில் இரண்டு வரி சேர்த்தேன். முதல் வரி அவர் கேட்டது. வருகிற படம் ஒவ்வொன்றையும், ஒன்று விடாமல், அவர் ஃபோல்டருக்கு நகல் எடுக்கும். இரண்டாவது வரி நான் கேட்டது.

சோதித்துப் பார்த்தேன். இரண்டும் ஓடுகின்றன.

ஜூலை 18, வியாழன்

காலையில் முதல் ஃபைல் சங்கரேஸ்வரியின் பிள்ளையார். குடை சரியாகவே வந்திருக்கிறது. எலி மேலே பார்த்துச் சிரிக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது வந்து சேர்ந்த கையோடு அவள் செல்லுக்கு ஒரு செய்தி போனது. என் வாசகம்தான்: 'வணக்கம். உங்கள் படம் வந்து சேர்ந்தது. அதன் நகல் ஒன்று சின்ன முதலாளியின் உத்தரவுப்படி ஆல்பம் ஃபோல்டரில் எடுத்து வைக்கப்பட்டது. இது தேர்வுக்கு முன்பே நடந்தது. நன்றி.' அரசாங்க அறிவிப்பு மாதிரி மரியாதையாக இருக்கட்டும் என்று யோசித்து எழுதியது.

கடைசித் தேதி என்பதால் மதியத்துக்குள் எல்லாரும் அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் செய்தி போனது. பிறகு ஆபீஸ் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் ரிசீவரைக் கீழே எடுத்து வைத்துவிட்டு அழுதாள். அவளை நினைத்து மட்டும்தான் எனக்கு வருத்தம்.

சின்னவர் ஓடிவந்தார். செல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ அந்தச் செய்தியை அவருக்கே அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

"என்னடி இது?"

"'டி' போட்டுப் பேசாதீங்க சார். முதல் வரி உங்களோடது. ரெண்டாவது என்னோடது."

"எடு அதை. இப்பவே எடு."

"எடுத்தா ரெண்டையும்தான் எடுப்பேன்."

செல்லைச் சட்டைப் பையில் திணித்தார். அந்த இடத்திலேயே என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார். ஆனால் இந்த சர்வரைத் தொடத் தெரிந்த ஆள் வேறு யாரும் இங்கே இல்லை. வெளியிலிருந்து கூட்டிவந்தால் அந்த ஆள் முதலில் பார்க்கப்போவது முதல் வரியைத்தான். அது அவருக்கும் தெரியும். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். நான் உட்கார்ந்து மோர் குடித்தேன். பாதி புடவையில் கொட்டியது, டம்ளர் சரியில்லை.

ஜூலை 20, சனி

பெரியவர் வந்தார். மகனின் ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னார். நகல்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆல்பம் எண் போட்டு வைத்திருந்தார் சின்னவர். பூஜைப் படங்களுக்கும். ஒன்று விடாமல் என்று அவரே சொன்னாரே, கட்டளைக்கு சாமியும் ஒன்றுதான் மயிலும் ஒன்றுதான். குடை பிடித்த பிள்ளையாருக்குக் கீழே ஓர் எண், அதன் பக்கத்தில் விலை.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அப்புறம்தான் மகனைத் திட்டினார். சாமியை விலை போட்டதற்குத் திட்டினார். மற்ற படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எல்லாத்தையும் அழிச்சிடறேம்ப்பா" என்று அங்கேயே எல்லாவற்றையும் அழுத்தி நீக்கினார் சின்னவர். பெரியவருக்கு அது போதும். என் பக்கம் திரும்பினார்.

"பாக்கியம், நடந்தது நடந்துபோச்சு. ஆடிப் பதினெட்டுக்கு ஓவியக்காரங்க எல்லாம் வருவாங்க. மெசின் கோளாறு, காப்பி எடுத்ததும் அதுவாத்தான் எடுத்துச்சு, மெசேஜும் அதுவாத்தான் அனுப்புச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிரு. நீ சொன்னா நம்புவாங்க. உன் வேலை இருக்கும், தவசி வேலையும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு என்ன, மானமா போகப்போகுது?"

"யோசிக்கிறேன் அண்ணாச்சி."

யோசிக்க என்ன இருக்கிறது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நகல்கள் அழிந்துவிட்டன, யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒரு பொய்தானே என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். வீட்டில் அவர் கேட்டதும், "சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

ஜூலை 24, புதன்

அரிசியில் வண்டு. வெயிலில் காயப்போட்டேன். அவரோடு பேச்சு இல்லை. டிபன் கேரியரை மட்டும் எடுத்துப்போகிறார்.

ஜூலை 27, சனி

அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படி வாசலில் நின்றார்.

"பாக்கியம், அந்தச் சாத்தூர்ப் புள்ள வரைஞ்ச பிள்ளையாரு எப்படி இருப்பாருன்னு சொன்ன?"

"எலிக்குக் குடை பிடிச்சிருப்பாரு. ஏன்?"

"இன்னைக்கு கட்டிங்குக்கு வந்துட்டாரு. ஆல்பம் ஷீட்டு. அவரு மட்டுமில்ல, வேணாம்னு திருப்புன படமெல்லாம் வருது."

அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்தாரே என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அழிப்பதற்கு முன்பே வேறெங்கோ எடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்பா பார்க்க ஒரு நாடகம். ஆக, நான் 'மெசின் கோளாறு' என்று சொன்னால் அது யாருக்கும் நஷ்டமில்லாத பொய் இல்லை. ஆல்பம் திறந்ததும் சங்கரேஸ்வரி தன் படத்தை அதில் பார்ப்பாள். அதுவும் மெசின் கோளாறு என்று ஆகிவிடும். அவளது அத்தனை படமும் செத்துப்போகும்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வேன்? வெட்டுனேன். என் வேலை அதான." சட்டைப் பொத்தானைத் திருகினார். "கை வரல பாக்கியம். ஆனா வெட்டுனேன்."

தோசை ஊற்றினேன். அவர் முதலில் சாப்பிட்டார். எத்தனையோ நாளுக்கு அப்புறம் சட்னி நன்றாக இருக்கிறது என்றார். உப்பே போடவில்லை, அப்புறம் நான் சாப்பிடும்போது தெரிந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாளைக்கு உடுத்த நீலப் பட்டை எடுத்து வைத்தேன். எதற்குப் பட்டு என்று அவர் கேட்டார். வேலையை விட்டு அனுப்பப்படும்போது நன்றாக இருக்க வேண்டாமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

எழுதிவிடுகிறேன், சூடு ஆறுவதற்குள்.

பைண்டிங் ஹாலில் பூஜை. வாசலில் நின்று எல்லாருக்கும் சந்தனம் கொடுக்கிற வேலை என் வீட்டுக்காரருக்கு. ஓவியர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், யார் முகத்திலும் சிரிப்பில்லை. சங்கரேஸ்வரி குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாமி முன்னால் பூஜைப் படங்கள். பக்கத்தில் சிவப்புப் பட்டு சுற்றிய புது ஆல்பம், இன்னும் திறக்கவில்லை.

தீபாராதனை முடிந்தது. பெரியவர் கைகூப்பி எல்லாரிடமும் பேசினார். ஒரு சின்னக் குழப்பம், உங்களுக்கு மனக்கஷ்டம், நம்ம பாக்கியமே விளக்கம் சொல்லும் என்றார். சின்னவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எழுந்தேன். பட்டுத் தலைப்பை இடுப்பில் செருகினேன்.

"அன்னைக்கு உங்களுக்கு வந்த மெசேஜ் மெசின் கோளாறுன்னு சொல்லச் சொன்னாங்க. மெசின்ல ஒரு கோளாறும் இல்ல. அதுக்குத் தானா ஒண்ணும் செய்யத் தெரியாது. காப்பி எடுக்கச் சொன்னது சின்னவரு. அதை உங்களுக்குச் சொல்லச் சொன்னது நான். ரெண்டு வரியையும் என் கையாலதான் போட்டேன். அந்தப் படமெல்லாம் இப்ப அந்த ஆல்பத்துல இருக்கு. சாமி படம் உட்பட. பட்டை அவுத்துப் பாருங்க."

"பொய்!" என்று சின்னவர் கத்தினார். கத்தியவர் ஆல்பத்தை எடுக்கப் போனார், திறந்து காட்ட அல்ல, அப்பால் வைக்க. சங்கரேஸ்வரி முந்திக்கொண்டாள். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்துவிட்டு, பட்டை உருவி, நின்றபடியே புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். ஆல்பத்தை அப்படியே பெரியவர் முன்னால் வைத்தாள்.

"உங்க சாமி அண்ணாச்சி. எண்ணும் போட்டிருக்காங்க."

பெரியவர் அதைப் பார்த்தார். சாமி முன்னால் இருந்த படத்தைப் பார்த்தார். மகனை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "இந்த ஆல்பம் வெளிய போகாது. உங்க பக்கத்தை எல்லாம் எடுத்துட்டு வேற கட்டுவோம்." ஓவியர்கள் மூச்சுவிட்டது கேட்டது. என்னிடம் திரும்பினார். "நீ நாளையிலருந்து வர வேண்டாம்மா. தப்புன்னு சொல்லல. ஆனா சபையில என் மகனை நிறுத்திட்ட."

"சரிங்க அண்ணாச்சி."

வாசலுக்கு வந்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தை அடுத்து நின்றவர் கையில் திணித்துவிட்டு என்னோடு வெளியே வந்துவிட்டார். நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ பேசும்போது கை தட்டணும்னு வந்துச்சு. கையெல்லாம் சந்தனம்."

நான் அழவில்லை. பட்டுப் புடவையில் தண்ணீர் பட்டால் கறை விழும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கறி எடுத்தோம். வேலையில்லாத இரண்டு பேருக்கு இது கொழுப்புதான். அவர் இனி அங்கே போகப்போவதில்லை, வேறோர் அச்சகத்தில் வேலை கேட்டுப் பார்க்கிறாராம். கட்டிங் ஆளுக்கு எங்கும் தேவை உண்டு என்கிறார். எனக்கும் ஏதாவது கிடைக்கும். கிடைக்காமல் போனாலும் இன்றைக்குக் கறி நன்றாக வெந்திருந்தது.

மதியம் சின்னவர் போன். வணக்கம் கூட இல்லை.

"சர்வர் பாஸ்வேர்டைச் சொல்லு. தீபாவளி ஆர்டருக்குப் படம் வர ஆரம்பிச்சிரும்."

அது அவர்கள் சொத்து. ஒளித்து வைக்க நான் யார்? ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். கேட்கவா வேண்டாமா என்று கொஞ்சம் இழுத்தார்.

"அந்த ரெண்டாவது வரியை நானே எடுத்துரலாமா? அழிச்சா போதுமா?"

அவர் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா சொன்னது அப்பாவோடு. இவர் திருந்தவில்லை.

"தாராளமா எடுக்கலாம் சார். முதல் வரியோட சேர்த்து எடுத்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது. ரெண்டாவதை மட்டும் எடுத்தீங்கன்னா, எடுத்ததையும் அது எல்லாருக்கும் மெசேஜ் போட்டுரும். உங்க பேரைப் போட்டு. அதுக்குன்னு தனியா ஒரு வரி இருக்கு."

மறுமுனையில் பேனா விழுகிற சத்தம் கேட்டது.

"அது எங்க இருக்கு?"

"உள்ள எங்கயோ இருக்கும் சார். தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுத் தேடச் சொல்லுங்க. முதல் வரியையும் அவரு அப்படியே படிச்சிருவாரு, பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வரி அந்த சர்வரில் கிடையாது. எழுத நேரம் கிடைக்கவில்லை.